டேங்க் இல்லாத ஹீட்டரில் சுடுதண்ணீர் சுழற்சி வேலை செய்யவில்லையா?

சுடுதண்ணீரைக் குழாய்வரை கொண்டுபோய் மீண்டும் ஹீட்டருக்கே சுற்றவிடும் பம்ப் ஓடுகிற சத்தம் கேட்கிறது, ஆனால் குழாயைத் திறந்தால் முதலில் பச்சைத்தண்ணீர்தான் வருகிறது என்றால், உடனே ஹீட்டரைக் குறை சொல்லாதீர்கள். பம்ப் ஓடும்போதே ஹீட்டருக்குத் தண்ணீர் திரும்பி வரும் பைப்பை (ரிட்டர்ன் பைப்) தொட்டுப் பாருங்கள். சில நிமிடம் கழித்தும் சூடு ஏறவில்லையா? ஒன்று, தண்ணீர் சுற்றவே இல்லை. இல்லாவிட்டால் சுற்றுகிற வேகம் போதாமல் பர்னர் பற்றவில்லை. இந்த வகை ஹீட்டர்களில் பல, நிமிடத்துக்குச் சுமார் 2 லிட்டராவது உள்ளே ஓடினால்தான் எரியும்.

வேகம் குறைய முதல் காரணம் பெரும்பாலும் அழுக்குதான். மின்சாரத்தை நிறுத்தி, தண்ணீர் வால்வை மூடி, அழுத்தத்தை இறக்கிவிட்டு, ஹீட்டருக்குள் தண்ணீர் நுழையும் இடத்தில் இருக்கும் வலை ஃபில்டரைக் கழற்றிக் கழுவுங்கள். அப்புறம் பம்பில் காற்று அடைத்திருக்கிறதா என்று பாருங்கள், களகளவென்று சத்தம் வந்தால் அதுதான். தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடும் செக் வால்வின் அம்புக்குறி தண்ணீர் ஓடும் திசையில் இருக்க வேண்டும். புதிதாக மாட்டிய இடங்களில் இதைக் கட்டாயம் பாருங்கள்.

பச்சைத்தண்ணீர்க் குழாயில் வெதுவெதுப்பாக வருகிறதா? தனி ரிட்டர்ன் பைப் இல்லாத வீடு என்றால், ஹீட்டரிலிருந்து கடைசியாக இருக்கும் சிங்க்கின் அடியில் உள்ள கிராஸ்ஓவர் வால்வு (சுடுதண்ணீர் பைப்பையும் பச்சைத்தண்ணீர் பைப்பையும் இணைப்பது) மூடாமல் சிக்கியிருக்கலாம், அதைச் சுத்தம் செய்யுங்கள் அல்லது மாற்றுங்கள்.

பம்ப் ஓடும் நேரத்தை வைக்கும் டைமரையும் ஒருமுறை பாருங்கள், மின்வெட்டுக்குப் பிறகு நேரம் மாறியிருக்கும். எல்லாம் சரியாக இருந்தும் சூடு குறைவாகவே வந்தால் உள்ளே உப்புப் படிந்திருக்கலாம். ஹீட்டரின் உள்ளே கழுவுவதற்கான சர்வீஸ் வால்வுகள் இருந்தால் வெள்ளை வினிகரை ஒரு மணி நேரம் சுற்றவிட்டு, நல்ல தண்ணீரில் அலசுங்கள். கேஸ் பகுதியில் மட்டும் நீங்களாகக் கை வைக்க வேண்டாம்.