மலைக்குளிரிலும் கொதிக்கும் ப்ராசசர்: கோளாறை எங்கே தேடுவது, எப்படிச் சரிசெய்வது

ஜனவரி இரவு, ஊட்டி. அறைக்குள் 12 டிகிரி. கம்ப்யூட்டரில் கேம் ஓடிக்கொண்டிருக்கிறது, ப்ராசசர் 96 டிகிரி காட்டுகிறது. சென்னையில் இப்படி என்றால் வெயில்மேல் பழியைப் போடலாம். இங்கே அதற்கு வழியில்லை. அறையைவிட 84 டிகிரி கூடுதல் என்றால், ப்ராசசரின் சூட்டை வெளியேற்றும் கூலரின் வேலை எங்கோ தடைபட்டிருக்கிறது. இத்தனை நாள் குளிர் அதை மறைத்து வைத்திருந்தது, அவ்வளவுதான்.

அதனால் மலையில் இருப்பவர்கள் திரையில் தெரியும் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அதிலிருந்து அறையின் வெப்பத்தைக் கழியுங்கள். நல்ல ஏர் கூலர் (ஃபேன் காற்றால் ப்ராசசரைக் குளிர்விப்பது) போட்ட கம்ப்யூட்டர் பெட்டியில் கேம் ஓடும்போது இந்த வித்தியாசம் பெரும்பாலும் 40 முதல் 55 டிகிரிக்குள் நிற்கும். 65-ஐத் தாண்டினால் பெட்டியைத் திறந்துவிடுங்கள். '80 டிகிரிதானே, நூறு வரை தாங்குமே' என்று விடுவது தவறு. 12 டிகிரி அறையில் 80 காட்டும் கம்ப்யூட்டரை மே மாதம் மேட்டுப்பாளையத்துக்கு இறக்கி 36 டிகிரி அறையில் வைத்தால் கணக்குப்படி 104 வரும். இன்டெல் ப்ராசசர்களுக்கு எல்லை பெரும்பாலும் 100, ஏஎம்டிக்கு 90 அல்லது 95. எல்லையைத் தொட்டதும் ப்ராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கேம் திடீரென்று திக்கித் திக்கி ஓடும். ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசை முழுச் சுமையில் 95 வரை போகும்படியே வடிவமைக்கப்பட்டது, அதைக் கண்டு பயப்பட வேண்டாம். ஆனால் சாதாரணமாகக் கேம் ஆடும்போதே 95-இல் நின்றால் அதுவும் கோளாறுதான்.

உயரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர். கொடைக்கானல் 2,100 மீட்டருக்குச் சற்று மேல். இந்த உயரத்தில் காற்றழுத்தம் கடலோரத்தில் இருப்பதில் சுமார் முக்கால் பங்குதான். ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும் அது தள்ளும் காற்று மெலிந்தது, எடுத்துப்போகும் சூடும் குறைவு. குளிர் இதை ஈடுகட்டிவிடும். ஆனாலும் சத்தத்துக்குப் பயந்து ஃபேனை மிகவும் மெதுவாக ஓடவிட்டிருப்பவர்கள் பயாஸில் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது திறக்கும் அடிப்படை அமைப்புப் பக்கம்) போய் 70 டிகிரியில் 70 சதவீதம், 85-இல் முழு வேகம் என்று மாற்றிக்கொள்வது நல்லது.

அளந்து பார்த்த பிறகே ஸ்க்ரூடிரைவர்

வெப்பத்தைக் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ (HWiNFO) மென்பொருளைத் திறந்து சென்சார் பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு, ப்ராசசருக்கு முழுச் சுமை கொடுக்கும் சினிபெஞ்ச் (Cinebench) மென்பொருளில் மல்டி கோர் சோதனையை 10 நிமிடம் ஓட்டுங்கள். எவ்வளவு சூடாகிறது என்பதைவிட எவ்வளவு வேகமாகச் சூடாகிறது என்பதுதான் கோளாறைக் காட்டிக்கொடுக்கும். சோதனை தொடங்கிய இரண்டு மூன்று வினாடிக்குள் 40-இலிருந்து 95-க்குத் தாவினால் ப்ராசசருக்கும் ஹீட் சிங்குக்கும் (அதன் சூட்டை வாங்கிக்கொள்ளும் கூலரின் உலோகப் பகுதி) நடுவே தொடர்பு சரியில்லை. இரண்டுக்கும் நடுவே சூட்டைக் கடத்தத் தடவும் பேஸ்ட் காய்ந்திருக்கும், அல்லது கூலர் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருக்கும். மாறாக ஐந்து, ஆறு நிமிடம் மெல்ல மெல்ல ஏறினால் சூடு ஹீட் சிங்க் வரை வந்துவிட்டது, வெளியே போக வழியில்லாமல் நிற்கிறது என்று பொருள்.

இரண்டாவது வகையா என்று உறுதி செய்ய, கேபினெட்டின் பக்கவாட்டுப் பலகையைக் கழற்றிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். 8, 10 டிகிரி இறங்கினால் குறை காற்றோட்டத்தில்தான். முன்பக்க ஃபில்டர் அடைத்திருக்கலாம், பின் ஃபேன் தலைகீழாக மாட்டப்பட்டிருக்கலாம். ஃபேனில் சட்டக் கம்பிகள் தெரியும் பக்கம்தான் காற்று வெளியேறும் பக்கம். மலை வீடுகளில் இன்னொரு காரணமும் உண்டு. குளிருக்காக ஜன்னலை அடைத்து, ரூம் ஹீட்டரை மேஜைக்கடியில் கேபினெட்டின் பக்கத்திலேயே வைத்துவிடுகிறார்கள். ஹீட்டர் ஊதும் சூடான காற்றையே கேபினெட் உள்ளே இழுக்கும். ஹீட்டரை அறையின் மறுகோடிக்கு மாற்றினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

இங்கே படியும் தூசி சமவெளித் தூசி மாதிரி ஊதினால் பறக்காது. பனிமூட்டத்தின் ஈரமும் விறகுப் புகையும் சேர்ந்து, ஹீட் சிங்க் தகடுகளுக்கு நடுவே கம்பளித் துணி மாதிரி ஒட்டிக்கொள்ளும். ஒரு அங்குல பெயின்ட் பிரஷ் இதற்குப் போதும். ப்ளோயர் வைத்து ஊதினால் ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். கட்டுமீறிச் சுற்றினால் பேரிங் போய்விடும். பிரஷுக்கு வராவிட்டால் ஃபேனைக் கழற்றிவிட்டு ஹீட் சிங்கை மட்டும் சோப்புத் தண்ணீரில் கழுவலாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை நீலகிரியில் எதுவும் சீக்கிரம் காயாது. ஒரு நாள் முழுக்க உலரவிட்டு, ஹேர் டிரையரை மிதமான சூட்டில் வைத்து இடுக்குகளில் காட்டிய பிறகே மாட்டுங்கள்.

பேஸ்ட் மாற்றுவது

கூலரைக் கழற்றுவதற்கு முன் கேம் ஒன்றைப் பத்து நிமிடம் ஓட்டுங்கள். பழைய பேஸ்ட் இளகும். பிறகு ஷட் டவுன் செய்து, எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் தரும் பவர் சப்ளை) சுவிட்சை அணைத்து, வயரைப் பிடுங்கி, பவர் பட்டனை ஐந்து வினாடி அழுத்துங்கள். உடனே கழற்றுங்கள், குளிர்ந்த அறையில் காத்திருந்தால் பேஸ்ட் மறுபடி இறுகிவிடும். ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டில் (மதர்போர்டில் ப்ராசசர் உட்காரும் இடம்) இது மிக முக்கியம். கூலரை நேராக மேலே இழுத்தால் ப்ராசசரும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வரும், அடியில் இருக்கும் ஊசிகள் வளையும். ஸ்க்ரூவைக் கழற்றியபின் கூலரை இடமும் வலமுமாகச் சிறிது திருகி, அது தளர்ந்ததும் தூக்குங்கள்.

துடைப்பதற்கு முன் பழைய பேஸ்டை ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். எல்லா இடத்திலும் ஒரே மெல்லிய படலமாக இருந்தால் கூலர் சரியாக உட்கார்ந்திருந்தது. ஒரு மூலையில் தடிப்பாகவும் எதிர்மூலையில் உலோகம் பளபளவென்றும் தெரிந்தால் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. பேஸ்டை மட்டும் மாற்றினால் மறுபடியும் இதே கதைதான். சாம்பல் மாதிரி உதிர்ந்தால் அதன் ஆயுள் முடிந்தது. கூலரின் அடித்தட்டில் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். புதிதாக அசெம்பிள் செய்த பெட்டிகளில் அதை உரிக்க மறந்துவிடுவது உண்டு.

துடைக்க 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் வாங்குங்கள். மருந்துக் கடை ஸ்பிரிட்டில் தண்ணீர் கலந்திருக்கும். பஞ்சு வேண்டாம், இழை விடும்; கண்ணாடி துடைக்கும் துணி நல்லது.

குளிரில் பேஸ்ட் சிரிஞ்சு இறுகி நிற்கும். பலமாக அழுத்தினால் திடீரென்று பாதிக் குழாய் வந்து விழும். சட்டைப் பையில் பத்து நிமிடம் வைத்திருந்து எடுத்தால் நிதானமாக வரும். சதுரமான ப்ராசசருக்கு நடுவில் பட்டாணி அளவு. இன்டெல் 1700 சாக்கெட் ப்ராசசர் நீளவாக்கில் இருப்பதால் குறுக்கே பெருக்கல் குறி மாதிரி இரண்டு மெல்லிய கோடுகள். எம்எக்ஸ்-4 போன்ற சாதாரணப் பேஸ்ட் மின்சாரம் கடத்தாது, அதனால் கொஞ்சம் கூடினால் பரவாயில்லை, குறைந்தால்தான் ஆபத்து. பேஸ்டுக்குப் பதில் தடவும் திரவ உலோகமான லிக்விட் மெட்டல் பக்கம் போகாதீர்கள். அதில் உள்ள காலியம் அலுமினியத்தை அரித்துவிடும், ஒரு துளி மதர்போர்டில் சிந்தினாலும் ஷார்ட் ஆகும்.

ஸ்க்ரூக்களை மூலைக்கு மூலை எதிரெதிராக, ஒவ்வொன்றையும் இரண்டு சுற்றாக முடுக்குங்கள். இன்டெல் ப்ராசசரின் அட்டைப் பெட்டியோடு வரும் கூலரில் நான்கு பிளாஸ்டிக் ஆணிகள் இருக்கும். நான்கு தடவை 'டிக்' கேட்க வேண்டும். மதர்போர்டின் பின்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளை முனை ஒவ்வொன்றின் நடுவிலும் கருப்பு ஊசி முழுதாக வெளியே தெரிய வேண்டும். ஒன்றில் தெரியாவிட்டாலும் கூலர் சாய்ந்துதான் இருக்கும். கடைசியாக ஃபேன் வயரை சிபியூ ஃபேன் என்று எழுதிய பின்னில் செருகுங்கள்.

லிக்விட் கூலர் (பம்ப் வைத்து திரவத்தைச் சுற்றவிட்டுக் குளிர்விப்பது) என்றால் சுமை கொடுத்து இரண்டு குழாயையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று கொதிக்க, மற்றது ஜில்லென்று இருந்தால் பம்ப் நின்றிருக்கிறது அல்லது உள்ளே அடைத்திருக்கிறது. வாரன்டியில் மாற்றுவதுதான் வழி. பம்ப், ரேடியேட்டரைவிட (திரவத்தின் சூட்டை ஃபேன் வெளியேற்றும் பகுதி) உயரத்தில் இருந்தால் காற்றுக்குமிழி அதில் போய் நிற்கும், அதையும் பாருங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் வித்தியாசம் 65-க்குமேல் என்றால் பயாஸைத் திறங்கள். பல மதர்போர்டுகள் கம்பெனி சொன்ன வாட் வரம்பைத் தாண்டி ப்ராசசரை ஓடவிடும். உதாரணமாக இன்டெலின் ஐ5-12400 ப்ராசசருக்கு நீண்டநேர வரம்பு 65 வாட், குறுகியநேர வரம்பு 117 வாட். அதையே கையால் போடுங்கள். ரைசனில் மின்சாரத்தைக் குறைக்கும் ஈகோ மோடு 65 வாட்டைத் தேர்ந்தெடுத்தால் கேமில் எஃப்பிஎஸ் (வினாடிக்கு எத்தனை படங்கள்) பெரும்பாலும் அதிகம் குறையாது, சூடு மட்டும் நன்றாக இறங்கும்.

பிறகு அதே சினிபெஞ்ச், அதே 10 நிமிடம், அறை வெப்பத்தைக் குறித்துக்கொண்டு. வித்தியாசத்தைத் தேதியோடு ஒரு தாளில் எழுதி கேபினெட்டின் உள்பக்கம் ஒட்டிவைத்தால், அடுத்த கோடையில் இன்னொரு முறை அளக்கும்போது ஒப்பிட ஓர் எண் கையில் இருக்கும்.