சுவரில் ஓட்டை போட இம்பாக்ட் டிரைவர் வாங்காதீர்கள்

வீட்டு வேலைக்குக் கையடக்கமான கார்ட்லெஸ் இம்பாக்ட் டிரைவர் (பேட்டரியில் ஓடி, ஸ்க்ரூவை இறக்கவும் கழற்றவும் உதவும் கருவி) எது வாங்கலாம் என்று யாராவது கேட்டால், அதை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். பெரும்பாலும் வரும் பதில்: கடிகாரம் மாட்டணும், கர்ட்டன் ராடு போடணும், சமையலறையில் ஒரு ஷெல்ஃப். மூன்றுமே சுவர் வேலை. சுவர் வேலைக்கு இந்தக் கருவி உதவாது.

பெயரால் வரும் குழப்பம் இது. நம் ஊர்க் கடைகளில் இம்பாக்ட் டிரில் என்று கிடைப்பது வேறு கருவி. அது சுழன்றுகொண்டே, முனையில் மாட்டிய பிட்டை முன்னோக்கிக் குத்தும், அதனால்தான் செங்கல் சுவரில் இறங்குகிறது. இம்பாக்ட் டிரைவரும் அடிக்கத்தான் செய்கிறது, ஆனால் சுற்றும் திசையில் மட்டும். துருப்பிடித்த நட்டைக் கழற்ற ஸ்பேனரை மாட்டிவிட்டு அதன் வாலில் சுத்தியலால் நாலு தட்டு தட்டுவார்களே, அதே வேலைதான். உள்ளே ஒரு ஸ்பிரிங், ஒரு குட்டிச் சுத்தியல், அது மோதுவதற்கு ஓர் இரும்புத் துண்டு. ஸ்க்ரூ லேசாக இறங்கும்வரை எல்லாம் ஒன்றாகச் சுற்றும். இறுக ஆரம்பித்ததும் சுத்தியல் பின்வாங்கி, நழுவி, திரும்ப வந்து மோதும், பல மாடல்களில் நிமிடத்துக்கு 3000 தடவைக்கு மேல். நாம் கேட்கும் அந்த டகடகச் சத்தம் இதுதான். முறுக்கு அடி அடியாகப் போவதால் மணிக்கட்டு திருகிக்கொள்ளாது, ஸ்க்ரூ தலையிலிருந்து பிட் வழுக்குவதும் குறையும்.

ஆகவே சுவர்தான் உங்கள் தேவை என்றால் ஹேமர் வசதி உள்ள டிரில் (மேலே சொன்ன இம்பாக்ட் டிரில்தான் அது) வாங்குங்கள். பீம், லிண்டல் மாதிரி காங்கிரீட் என்றால் அதுவும் திணறும், ரோட்டரி ஹேமர்தான் சரி. கட்டில், பெஞ்ச், மரச் சட்டம், மொட்டை மாடியில் தகர ஷெட், கொசுவலை ஃபிரேம், இப்படி ஸ்க்ரூவை இறக்குவதும் கழற்றுவதுமே வேலை என்றால் இம்பாக்ட் டிரைவர் அருமையான துணை. தகரத்தைத் துளைத்துக்கொண்டு போகும் அந்த அறுகோணத் தலை ஸ்க்ரூக்களை ஏணியில் நின்றபடி ஒரு கையால் போட்டுப் பார்த்தவர்கள் திரும்ப திருப்புளியைத் தொட மாட்டார்கள்.

இதற்குள் கிளட்ச் கிடையாது. இதை யாரும் கடையில் சொல்வதில்லை, எனக்கும் சொல்லவில்லை. துளை போடவும் ஸ்க்ரூ போடவும் உதவும் டிரில் டிரைவரின் கழுத்தில் 1, 2, 3 என்று எண் போட்ட வளையம் இருக்கும், அதுதான் கிளட்ச். வைத்த அளவு இறுகியதும் கடகடவென்று நின்றுவிடும். இம்பாக்ட் டிரைவர் நீங்கள் விரலை எடுக்கும்வரை அடித்துக்கொண்டே இருக்கும். வாங்கிய புதிதில் சமையலறை அலமாரிக் கதவின் கீல் ஒன்று தொங்கிப்போக, இருப்பதே புதுக் கருவி என்று அதையே எடுத்துப் போனேன். மரத்தூளை அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டு. 16 மி.மீ. ஸ்க்ரூ. டிரிகரை அழுத்தியதும் ஒரே நொடி, தலை கீலில் உட்கார்ந்தது, டக்கென்று ஓர் அடி, அடுத்த கணம் ஸ்க்ரூ பிடிப்பே இல்லாமல் சும்மா சுற்றியது. துளையிலிருந்து தவிடு மாதிரி தூள் கொட்டியது. அப்புறம் தீக்குச்சிகளை மரப் பசையில் தோய்த்துத் துளைக்குள் அடைத்து, மறுநாள் வரை காயவிட்டு, சாதாரண திருப்புளியால் கையாலேயே போட்டேன். இன்னும் நிற்கிறது. மாடுலர் கிச்சன், எம்டிஎஃப், ரெடிமேட் ஃபர்னிச்சர் இவைதான் உங்கள் வேலை என்றால் கிளட்ச் உள்ள டிரில் டிரைவரை முதலில் வாங்குங்கள்.

பழைய தேக்குக் கதவு, ஜன்னல் இருக்கும் வீடுகளில் இன்னொரு ஆபத்து பித்தளை ஸ்க்ரூ. இரும்பு என்று நம்பி அடிக்கிற அடியில் பித்தளையின் தலை தனியாக முறிந்து கையோடு வந்துவிடும், உடல் மரத்துக்குள்ளேயே தங்கிவிடும், அதை எடுப்பதற்குள் கதவே பாழாகும். தேக்கு, வேங்கை என்றால் முதலில் சிறு துளை போட்டுக்கொள்ளுங்கள். 4 மி.மீ. ஸ்க்ரூவுக்கு ஏறத்தாழ 3 மி.மீ. போதும். அதே அளவு இரும்பு ஸ்க்ரூவை ஒருமுறை ஏற்றி இறக்கி மரையை உண்டாக்கிவிட்டு, பித்தளை ஸ்க்ரூவில் மெழுகைத் தேய்த்துக் கையால் போடுவதுதான் ஆசாரிகள் வழி.

அடுத்து டார்க், அதாவது முறுக்கு விசை. பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் நியூட்டன் மீட்டர் எண்ணைப் பார்த்தே முடிவு செய்கிறார்கள். 12 வோல்ட் கையடக்க மாடல்கள் 100, 110 நியூட்டன் மீட்டர் என்று சொல்லும், 18 வோல்ட் என்றால் 150, 180 என்று போகும். வீட்டில் நாம் போடும் 50 மி.மீ. மர ஸ்க்ரூவுக்கு அதில் சிறு பங்கே போதும். 300க்கு மேல் என்று எழுதி, அரை அங்குலச் சதுர முனையும் சேர்த்து வருபவை உண்மையில் இம்பாக்ட் ரெஞ்ச்; நட்டு போல்ட்டுக்கானவை, கனமானவை, அலமாரிக்குள் நுழையாது. என்னைக் கேட்டால் வீட்டுக்கு 12 வோல்ட்டே போதும். பேட்டரியோடு சுமார் 1 கிலோதான் வரும், தலை குட்டையாக இருப்பதால் டிராயர் இடுக்கில்கூட நேராக நிற்கும். எடையை விட முக்கியம் டிரிகர். லேசாக அழுத்தினால் மெதுவாகச் சுற்ற வேண்டும், அழுத்த அழுத்த வேகம் கூட வேண்டும். கடையிலேயே அழுத்திப் பாருங்கள். தொட்டதும் முழு வேகத்தில் பாய்கிறது என்றால் வேண்டாம். ஆமாம், காரின் வீல் நட்டுக்கும் இதையே பயன்படுத்தலாம் என்று நினைக்காதீர்கள், சாக்கெட்டை மாட்டும் அடாப்டர் முறியலாம், எவ்வளவு இறுகியது என்பதும் தெரியாது.

வோல்ட் கணக்கிலும் ஏமாற்று நடக்கிறது. லித்தியம் செல் ஒன்று சாதாரணமாக 3.6 வோல்ட், முழு சார்ஜில் 4.2. ஐந்து செல் சேர்த்தால் 18. அதையே 20 மேக்ஸ் என்றும், 21 என்றும் எழுதுவார்கள், மூன்றும் ஒன்றுதான், அதில் தப்பில்லை. ஆனால் 48, 88, 128 என்று எண் போட்டு, பக்கத்தில் வி எஃப் என்று இரண்டு எழுத்தைச் சேர்த்து விற்பவற்றின் உள்ளேயும் பெரும்பாலும் அதே ஐந்து செல்தான் இருக்கும். பேட்டரியின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் வாட் ஹவரை, அதாவது அதில் அடங்கும் ஆற்றலின் அளவைப் படியுங்கள். 18 வோல்ட், 2 ஆம்ப் ஹவர் என்றால் 36 வாட் ஹவர். அந்த எண்ணே எழுதாத பேட்டரியை நான் வாங்க மாட்டேன்.

பிட் விஷயத்தில் இரண்டு. ஒன்று, இதன் வாய் கால் அங்குல அறுகோணம், வீட்டில் கிடக்கும் உருண்டைத் தண்டு டிரில் பிட் எதுவும் இதில் நிற்காது. இரண்டாவது, எல்லா ப்ளஸ் தலையும் ஒன்றல்ல. ஸ்க்ரூ தலையை வெளிச்சத்தில் உற்றுப் பாருங்கள்: ப்ளஸ் கோடுகளுக்கு நடுவே மெல்லிய நான்கு கீறல்கள் இருந்தால் அது போஸிட்ரைவ், இல்லையென்றால் ஃபிலிப்ஸ். ஒன்றின் பிட்டை இன்னொன்றில் வைத்து அடித்தால் தலை கிண்ணம் மாதிரி குழிந்துவிடும். இம்பாக்ட் என்று குறிப்பிட்ட, நடுவில் இடுப்பு மெலிந்த 50 மி.மீ. பிட்டாக வாங்குங்கள், அந்த மெலிந்த இடம் ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் முறுகிக் கொடுப்பதால் முனை எளிதில் உடையாது.

ஆன்லைனில் விலை சட்டென்று பாதியாகத் தெரிந்தால் அது பேட்டரியும் சார்ஜரும் இல்லாத வெறும் உடலாக இருக்கலாம், பெட்டியில் என்னென்ன வரும் என்ற வரியைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். ஒரு கம்பெனியின் பேட்டரி பெரும்பாலும் இன்னொன்றில் சேராது. அடுத்து டிரில், பிறகு சின்ன ரம்பம் என்று வாங்கும் எண்ணம் இருந்தால், அவையும் அதே பேட்டரியில் ஓடுமா, உங்கள் ஊரிலோ பக்கத்து ஊரிலோ சர்வீஸ் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். வீட்டுக்காரர்களின் கருவி மாதக்கணக்கில் சும்மாதான் கிடக்கும். பேட்டரியைக் கழற்றி, பாதி சார்ஜில், வெயில் படாத அலமாரியில் வையுங்கள். மூடிய காருக்குள்ளும், சித்திரை வெயிலில் மாடிப்படி அறையிலும் வைக்க வேண்டாம். வேலை செய்யும்போது காதில் அடைப்பான் வைத்துக்கொள்ளுங்கள். மூடிய அறைக்குள் இதன் சத்தம் காதுக்குக் கெடுதல், அபார்ட்மென்ட் என்றால் பக்கத்து வீட்டுக் குழந்தை தூங்கும் மதிய நேரத்தையும் தவிர்த்துவிடுங்கள்.