பழைய லென்ஸுக்கு ஃபில்டர் வாங்கும்போது: 55 என்று போட்டிருந்தால் 55 இல்லை

சூப்பர் டக்குமார் என்ற பழைய பென்டாக்ஸ் லென்ஸ் ஒன்று கைக்கு வந்த புதிதில் நான் செய்த முதல் காரியம், அதன் முன்னால் திருகி மாட்ட ஒரு மஞ்சள் ஃபில்டர் வாங்கியது. லென்ஸின் முகப்பு வளையத்தில் 1:1.8/55 என்று அழகாகப் பொறித்திருந்தது. சரி, 55 மி.மீ. ஃபில்டர் என்று ஆர்டர் போட்டேன். வந்தது. லென்ஸின் வாய்மேல் வைத்தேன். சின்னச் சட்டிக்குப் பெரிய தட்டு மூடியதுபோல் உட்கார்ந்தது. அந்த 55 குவியத் தூரம். ஃபில்டர் அளவு 49 மி.மீ.

இது எனக்கு மட்டும் நடந்ததல்ல. பழைய லென்ஸ் வாங்கும் பாதிப்பேர் இந்தப் பள்ளத்தில் ஒருமுறை விழுந்துதான் எழுந்திருக்கிறார்கள். இதற்கு ஒரு தம்பித் தவறும் உண்டு: எம்42 லென்ஸ் என்பதால் 42 மி.மீ. ஃபில்டர் வாங்குவது. அந்த 42 லென்ஸின் பின்பக்கம் கேமராவில் திருகும் மரையின் விட்டம். முன்பக்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

புதிய லென்ஸ்களில் குறுக்குக் கோடு போட்ட ஒரு வட்டக் குறியும் பக்கத்தில் ஓர் எண்ணும் இருக்கும். அதுதான் ஃபில்டர் அளவு. பழையவற்றில் பலதில் அந்தக் குறியே கிடையாது. லென்ஸோடு அதன் அசல் மூடியும் வந்திருந்தால் மூடியின் உட்புறத்தைப் பாருங்கள். பல சமயம் எண் அங்கே இருக்கும். மூடியும் இல்லையென்றால் அளந்துதான் ஆகவேண்டும். அடுத்த தவறு காத்திருப்பது அங்கேதான்.

வெர்னியர் காலிபரை லென்ஸின் வாய்க்குள் விட்டு அளந்தால் கிடைப்பது மரையின் முகடுகளுக்கு இடையே உள்ள தூரம். 49 மி.மீ. லென்ஸில் அது ஏறக்குறைய 48.2 காட்டும். 'ஆஹா, 48' என்று முடிவு கட்டிவிடுவோம். கொடுமை என்னவென்றால், 48 மி.மீ. என்று உண்மையிலேயே ஓர் அளவு இருக்கிறது. கேனன் கேனொனெட் ஜி3 கேமராவுக்கு அதுதான். ஆகவே தேடினால் கிடைத்தும் தொலைக்கும். உள்ளே அளந்து வந்த எண்ணோடு முக்கால் முதல் ஒரு மி.மீ. வரை கூட்டி, அதற்கு நெருக்கமான வழக்கமான அளவைப் பாருங்கள். ஏற்கெனவே லென்ஸில் சரியாக ஏறும் ஃபில்டர் ஒன்று கையில் இருந்தால் இன்னும் சுலபம். அதன் வெளிமரையை அளந்தால் கிட்டத்தட்ட சரியான எண்ணே வரும்.

அரை மி.மீ. விஷயத்தில் அலட்சியம் கூடாது. ஒலிம்பஸ் ட்ரிப் 35-க்கு 43.5, 43 ஏறாது. ரஷ்ய ஜுபிடர் 8, இண்டஸ்டார் 61 எல்/டி போன்றவற்றுக்கு 40.5. ஒரே பெயரில் வந்த லென்ஸ்களையும் நம்பாதீர்கள். ஹீலியோஸ் 44-2 என்றால் 49, அதன் பின்னால் வந்த 44எம் என்றால் 52. 'ஹீலியோஸ்தானே' என்று நண்பரிடம் கேட்டு வாங்கினால் ஐம்பது சதவீதம் தோல்விதான். நிக்கான் வைத்திருப்பவர்கள் பாக்கியவான்கள்: அவர்களுடைய வழக்கமான லென்ஸ்களில் பெரும்பாலானவை 52-இலேயே அடங்கிவிடும்.

விட்டம் சரியாக இருந்தும் ஃபில்டர் ஒரு சுற்றுக்கு மேல் ஏறவில்லையா? அழுத்தித் திருகாதீர்கள். பெரும்பாலான ஃபில்டர்களின் மரை இடைவெளி 0.75 மி.மீ.; பழைய சிலவற்றில் 0.5. இரண்டும் கலந்தால் ஒரு சுற்று ஏறி இறுகிவிடும். இன்னும் கொஞ்சம் அழுத்தினால் ஏறியது மாதிரி இருக்கும், ஆனால் லென்ஸின் மெல்லிய அலுமினிய மரையை நாமே கையால் வழித்துவிட்டோம் என்று அர்த்தம். லென்ஸ் எப்போதோ கீழே விழுந்து வளையம் நசுங்கியிருந்தாலும் இதே அறிகுறிதான். ஃபில்டரை முதலில் இடப்பக்கமாக, அதாவது கழற்றும் திசையில், மெதுவாகச் சுற்றுங்கள். மரையின் தலைப்புகள் சந்திக்கும் இடத்தில் 'டக்' என்று சின்னதாக விழும். அங்கிருந்து வலப்பக்கம் திருகினால் தானாக ஏறும். ஏறவில்லையென்றால் பொருத்தமில்லை. அவ்வளவுதான்.

சில லென்ஸ்களில் மரையே இருக்காது. அதைப் பார்த்ததும் 'இதற்கு ஃபில்டரே கிடையாது' என்று விட்டுவிடுகிறவர்களும் உண்டு, பசை போட்டு ஒட்டுகிறவர்களும் உண்டு. இரண்டும் வேண்டாம். அந்தக் காலத்தில் மரையைத் தவிர மூன்று ஏற்பாடுகள் இருந்தன.

ஒன்று, லென்ஸின் வெளிவிளிம்பில் தொப்பிபோல் மாட்டி இறுக்குவது. லைக்காவின் பழைய 5 செ.மீ. எல்மாருக்கு ஏ36 என்று சொல்வது இதுதான்: 36 மி.மீ. வெளிவிட்டம். இங்கே உட்புறம் அளந்தால் வீண். விளிம்பின் வெளிப்புறத்தைத்தான் அளக்கவேண்டும்.

இரண்டாவது பேயனெட்: மரையில் பல சுற்று திருகாமல், செருகிச் சற்றே திருப்பிப் பூட்டுவது. இரட்டை லென்ஸ் கேமராக்கள், அதாவது ரோலைஃபிளெக்ஸும் அதைப் பார்த்துச் செய்த யாஷிகாமேட்டும் இந்த ரகம். பே 1, பே 2, பே 3 என்று அளவுகள். யாஷிகாமேட் 124ஜி, மினோல்டா ஆட்டோகார்டு எல்லாம் பே 1. 2.8 லென்ஸ் கொண்ட பிற்கால ரோலைஃபிளெக்ஸ்களுக்குப் பே 3. 'ரோலை ஃபில்டர்' என்று மட்டும் விளம்பரத்தில் போட்டிருந்தால் எந்தப் பே என்று கேட்காமல் பணம் அனுப்பாதீர்கள். ஹேசல்பிளாடிலும் இதே கதை: பழைய லென்ஸ்களுக்கு பி50, பின்னால் வந்த சிஎஃப் வரிசைக்கு பி60.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது, பலரும் தெரியாமல் குப்பையில் போடுவதும் அதுதான்: சீரிஸ் ஃபில்டர். பழைய கேமராப் பெட்டி வாங்கினால் அடியில் ஒரு வட்டக் கண்ணாடி கிடக்கும். சுற்றிலும் மெல்லிய அலுமினிய விளிம்பு, மரை கிடையாது. மேலே ரோமன் எண்ணில் 6 அல்லது 7 என்று இருக்கும். உடைந்துபோன ஃபில்டர் என்று தோன்றும், ஆனால் அது முழுசுதான். லென்ஸுக்கு ஏற்ற அடாப்டர் வளையம் ஒன்று, அதன்மேல் இந்தக் கண்ணாடி, அதன்மேல் பிடிவளையம் ஒன்று. மூன்றும் சேர்ந்ததுதான் ஃபில்டர். லென்ஸ் மாறினால் அடாப்டரை மட்டும் மாற்றினால் போதும். சீரிஸ் 6 என்றால் கண்ணாடி விட்டம் சுமார் 41 மி.மீ., சீரிஸ் 7 என்றால் சுமார் 51. எண்ணை மி.மீ. என்று நினைத்துத் தேடினால் எதுவும் கிடைக்காது. கண்ணாடியை மட்டும் மலிவாக வாங்கிவிட்டு, பிடிவளையம் தனியே கிடைக்காமல் அலைவது இன்னொரு தொல்லை. மூன்றும் சேர்ந்தே வாங்குங்கள்.

இவ்வளவு அளவுகளுக்கும் தனித்தனியாக ஃபில்டர் சேர்ப்பது சேகரிப்பாளர்களின் வேலை; படம் எடுக்கிறவர்களுக்கு அவசியமில்லை. உங்கள் லென்ஸ்களிலேயே பெரிய வாய் எதுவோ, அந்த அளவில் நல்ல ஃபில்டராக இரண்டு மூன்று வாங்கிவிட்டு, மற்றவற்றுக்கு ஸ்டெப் அப் ரிங் போடுவதுதான் புத்திசாலித்தனம் என்பது என் கட்சி. வளையத்தில் இரண்டு எண்கள் இருக்கும். முதலில் வருவது லென்ஸ், அடுத்தது ஃபில்டர். 49-52 என்றால் 49 லென்ஸில் 52 ஃபில்டர். 52-49 என்று மாற்றி வாங்கினால் அது ஸ்டெப் டவுன்; லென்ஸின் வாயைச் சுருக்கி, வைட் லென்ஸில் படத்தின் நான்கு மூலையையும் கறுப்பாக்கிவிடும். மரையில்லாத பேயனெட்டுக்கும் இதே வழி உண்டு: பே 1-இலிருந்து சாதாரண மரைக்கு மாற்றும் வளையங்கள் கிடைக்கின்றன.

ஆனால் 'பெரிசாகவே போட்டுவிடலாம்' என்று 77-க்குத் தாவினால் வேறு சிக்கல். லென்ஸின் அசல் ஹூட், அதாவது பக்கவாட்டு வெளிச்சத்தைத் தடுக்கும் குழல், மாட்ட இடமிருக்காது. ஒற்றைப் பூச்சு கொண்ட பழைய லென்ஸுக்கு ஃபில்டரைவிட ஹூட்தான் முக்கியம். லென்ஸ் வழியாக அல்லாமல் தனிச் சாளரம் வழியாகப் பார்க்கும் ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில் அகலமான வளையம் வ்யூஃபைண்டரின் ஒரு மூலையை மறைக்கும். இரட்டை லென்ஸ் கேமராவிலோ கீழே போட்ட வளையம் மேல் லென்ஸின் முகத்தில் வந்து நிற்கும். முன்கண்ணாடி வெளியே புடைத்திருக்கும் லென்ஸில் இன்னொரு ஆபத்து: மெல்லிய விளிம்பு ஃபில்டரைத் திருகினால் கண்ணாடியும் கண்ணாடியும் முட்டும். மாட்டுவதற்கு முன் லென்ஸைக் கண் மட்டத்தில் பக்கவாட்டாகப் பிடித்துப் பார்த்துவிடுங்கள்.

சரி, ஃபில்டர் மாட்டியாயிற்று. அந்த 55 மி.மீ. மஞ்சள் ஃபில்டருக்கும் ஒருவழியாக வேலை கிடைத்தது. வீட்டில் கிடந்த யாஷிகா எலெக்ட்ரோ 35-இல் கச்சிதமாக ஏறியது. கறுப்பு வெள்ளை ஃபிலிம் போட்டு ஒரு ரோல் முழுக்க எடுத்தேன். எல்லாப் படமும் ஒரு ஸ்டாப் இருட்டு, அதாவது வேண்டியதில் பாதி ஒளிதான். காரணம் எளிது. எலெக்ட்ரோவின் ஒளிமானிக் கண் லென்ஸுக்கு வெளியே, உடம்பில் தனியாக இருக்கிறது. லென்ஸுக்கு மஞ்சள் கண்ணாடி மாட்டியது அதற்குத் தெரியவே தெரியாது. ஃபிலிமின் வேகம் (ஐஎஸ்ஓ) 400 என்றால் டயலை 200-இல் வைத்திருக்க வேண்டும். ட்ரிப் 35, கேனொனெட் போன்றவற்றில் ஒளிமானி ஃபில்டர் வளையத்துக்குள்ளேயே இருப்பதால் இந்தத் தொல்லை இல்லை. லென்ஸ் வழியாக அளக்கும் எஸ்எல்ஆரிலும் பெரும்பாலும் இல்லை.

எவ்வளவு ஈடுகட்டுவது என்பதிலும் ஒரு குழப்பம் உண்டு. ஃபில்டரில் போட்டிருக்கும் 2, 4, 8 எல்லாம் ஸ்டாப் கணக்கல்ல, மடங்குக் கணக்கு. 2 என்றால் ஒரு ஸ்டாப், 4 என்றால் இரண்டு, 8 என்றால் மூன்று. ரஷ்ய ஃபில்டர் வளையங்களில் நிறத்தின் முதலெழுத்தும் 1.4, 2, 2.8 என்று ஓர் எண்ணும் இருக்கும்; அதுவும் மடங்குதான், 1.4 என்றால் அரை ஸ்டாப். கோடாக்கின் ராட்டன் எண்களோ வேறு ஜாதி. 8 என்றால் மஞ்சள், 25 என்றால் சிவப்பு. அந்த எண்ணுக்கும் ஒளிக்கும் கணக்கே கிடையாது. ராட்டன் 8-ஐ எட்டு மடங்கு என்று நினைத்துவிட்டால் படம் இரண்டு ஸ்டாப் வெளுத்துப்போகும்.

பழைய லென்ஸை மிரர்லெஸ் டிஜிட்டல் கேமராவில் போட்டுக் கறுப்பு வெள்ளை எடுக்கிறவர்கள் சிவப்பு ஃபில்டர் வாங்கவே வேண்டாம் என்பேன். வழக்கமான சென்ஸாரில் நான்கில் ஒரு புள்ளிதான் சிவப்புக்கு. மற்ற மூன்றையும் பட்டினி போட்டுவிட்டு இரைச்சலை வாங்கிக்கொள்வதைவிட, கலரில் எடுத்துப் பிறகு மென்பொருளில் மாற்றுவது மேல். தண்ணீர், கண்ணாடியின் பளபளப்பை அடக்கும் போலரைசர் ஃபில்டர் மட்டும் அப்படியல்ல. அதை மென்பொருள் செய்துதர முடியாது. மிரர்லெஸ்ஸிலும் பெரும்பாலான பழைய மேனுவல் எஸ்எல்ஆரிலும் மலிவான லீனியர் போலரைசரே போதும். விதிவிலக்கு, ஒளிமானிக்குப் பாதிவெள்ளி பூசிய கண்ணாடி வழியாக ஒளியைப் பிரித்துத் தரும் கேமராக்கள், உதாரணமாக பழைய கேனன் எஃப்-1. அவற்றுக்கு சர்க்குலர் என்ற இன்னொரு ரகம்தான் வேண்டும். பழைய ஜூம்களில் பலவற்றில் ஃபோகஸ் செய்யும்போது முன்வளையமும் சேர்ந்து சுற்றும். முதலில் ஃபோகஸ், அப்புறம் போலரைசர். மாற்றிச் செய்தால் ஒவ்வொரு முறையும் திரும்பத் திருப்பவேண்டும்.

பழைய ஃபில்டர் வாங்கும்போது ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஓரத்தில் வானவில் நிறத்தில் பட்டை தெரிந்தால் இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே ஒட்டிய பசை விட்டுக்கொண்டிருக்கிறது. மெல்லிய வலைபோல் தெரிந்தால் பூஞ்சை. சென்னை ஈரத்தில் அது லென்ஸுக்கும் தாவ அதிக நாள் ஆகாது. ஃபில்டர் இறுகிக் கழறவில்லையென்றால் குறடு எடுக்காதீர்கள். நசுக்கிப் பிடித்தால் வட்டம் முட்டை வடிவமாகி இன்னும் இறுகும். விளிம்பைச் சுற்றி அகலமான ரப்பர் பேண்ட் மாட்டி, உள்ளங்கையை மேலே தட்டையாக வைத்துத் திருப்பினால் பெரும்பாலும் வந்துவிடும்.

கடைசியாக, டக்குமார் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. பிந்தைய 50 மி.மீ. 1.4, பிந்தைய 55 மி.மீ. 1.8 ஆகியவற்றில் தோரியம் கலந்த கண்ணாடி உண்டு. அது வருடக்கணக்கில் தேநீர் நிறத்துக்குப் பழுத்துவிடும். இதற்கு நீல ஃபில்டர் தேடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒளிதான் இன்னும் குறையும். புற ஊதா ஒளி பட்டால் அந்தப் பழுப்பு தானாக வெளுக்கும். லென்ஸின் பின்பக்கத்தில் அலுமினியத் தாளைச் சுற்றி, வெயில் குவிந்து எதையும் எரிக்காதபடி பார்த்துக்கொண்டு ஜன்னலோரம் சில வாரம் வைத்தால் நன்றாகவே தெளியும். நான் மூன்று வாரம் வைத்தேன். துளிகூட மாறவில்லை. லென்ஸைக் கையில் எடுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, முன்னால் யூவி ஃபில்டரைக் கழற்றவே மறந்திருக்கிறேன்.