கடைக் கணக்குக்கு எந்தத் தரவுத்தளம்? நீங்களே சோதித்துத் தெரிவுசெய்யும் முறை

புறக்கோட்டை மொத்தக் கடையாக இருக்கட்டும், வெள்ளவத்தைப் புடைவைக் கடையாக இருக்கட்டும், பில் அடிக்கும் மென்பொருளுக்கு அடியில் ஒரு தொடர்புசார் தரவுத்தளம் (தகவல்களை ஒன்றோடொன்று தொடர்புள்ள அட்டவணைகளாக வைப்பது) கிடக்கிறது. போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல், எஸ்கியூஎல் சேர்வர், ஒராக்கிள் ஆகியவற்றில் எது நல்லது என்று வசதிப் பட்டியலை வைத்து முடிவெடுக்காதீர்கள். பட்டியலில் எல்லாமே எல்லாவற்றிலும் இருக்கும். உங்கள் கடையின் பத்துப் பதிவுகளை ஒவ்வொன்றிலும் போட்டுப் பாருங்கள். அரை நாள் வேலைதான்.

அட்டவணை, புலம், முதன்மைச் சாவி என்றால் என்ன என்பது தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நிறுவும் முறையையும் விளக்கப்போவதில்லை.

படி 1: பொருந்தாததை முதலில் விலக்குங்கள்

ஒரே கணினி, ஒரே காசாளர் என்றால் எஸ்கியூலைட் போதும். அது ஒரு தனி ஃபைல், சேர்வர் தேவையில்லை. ஆனால் ஒரு நேரத்தில் ஒருவர்தான் அதில் எழுத முடியும். அந்த ஃபைலை நெட்வேர்க் ஃபோல்டரில் வைத்து மூன்று கவுண்டர்களில் இருந்து திறந்தால் ஒருநாள் பழுதாகும்.

ஒராக்கிளும் எஸ்கியூஎல் சேர்வரின் கட்டணப் பதிப்புகளும் டொலர் விலை. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. உரிமக் கட்டணத்தைப் போட்டுப் பார்க்கும்போது இதை மறக்க வேண்டாம்.

எஸ்கியூஎல் சேர்வர் எக்ஸ்பிரஸ் இலவசம்தான். ஆனால் 2022 பதிப்பு வரை ஒரு தரவுத்தளம் 10 ஜிபிக்கு மேல் வளராது. பொருட்களின் படங்களை உள்ளே போட்டால் அந்த எல்லை சீக்கிரம் வந்துவிடும். படங்களை ஃபோல்டரில் வைத்து, பாதையை மட்டும் பதியுங்கள். நேரம் வைத்துப் பக்கப் எடுக்கும் ஏஜென்ட்டும் எக்ஸ்பிரஸில் இல்லை. விண்டோஸின் டாஸ்க் ஷெடியூலரில்தான் அதை அமைக்க வேண்டும்.

படி 2: சோதனைப் பதிவுகள்

பத்து வாடிக்கையாளர்கள் போதும். பெயர்கள் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் கலந்திருக்கட்டும். ஒரு பெயரின் பக்கத்தில் இமோஜி ஒன்றும் போடுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் ஓடர்களில் அது கட்டாயம் வரும். தேசிய அடையாள அட்டை இலக்கத்தில் இரண்டு வகையும் வேண்டும்: 9 இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும் கொண்ட பழையது, 12 இலக்கம் கொண்ட புதியது. அதனால் அந்தப் புலம் 12 எழுத்து கொள்ளும் எழுத்துப் புலமாக இருக்க வேண்டும், எண் புலமாக அல்ல. தொலைபேசி இலக்கமும் அப்படித்தான். எண் புலத்தில் போட்டால் 077இன் முதல் சைபர் போய்விடும்.

படி 3: தமிழ்ப் பெயர்

அதிகம் பேர் சறுக்கும் இடம் இது. அதனால் நிதானமாகப் பார்ப்போம்.

‘கொழும்பு’ என்ற சொல்லை எடுங்கள். நமக்கு அது நான்கு எழுத்து. எல்லா மொழி எழுத்துகளுக்கும் குறியீடு கொடுக்கும் யுனிகோடில் கொ என்பது க-வும் ஒகரக் குறியும். ழு என்பது ழ-வும் உகரக் குறியும். ம் என்பது ம-வும் புள்ளியும். பு என்பது ப-வும் உகரக் குறியும். மொத்தம் 8 குறியீடுகள். அவற்றைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட். ஆக, நான்கு எழுத்துச் சொல்லுக்கு 24 பைட்.

இப்போது 20 அளவுள்ள எழுத்துப் புலத்தில் இதைப் போடுங்கள். போஸ்ட்கிரெஸும் மைஎஸ்கியூஎல்லும் குறியீடுகளை எண்ணும். 8தான், உள்ளே போய்விடும். ஒராக்கிளின் இயல்பான அமைப்பு பைட்டுகளை எண்ணும். 24 என்பது 20ஐத் தாண்டுவதால் பிழை காட்டும். புலத்தை அறிவிக்கும்போது எண்ணுக்குப் பின்னால் ‘கார்’ என்று சேர்த்தால் சரியாகும். எஸ்கியூஎல் சேர்வரில் ‘என்வார்கார்’ வகைப் புலம் எடுங்கள். அதோடு, கட்டளையில் மேற்கோள் குறிக்கு முன்னால் ஆங்கிலப் பெரிய எழுத்து ‘என்’ போட வேண்டும். அது விடுபட்டால் புலம் சரியாக இருந்தும் பெயர் வெறும் கேள்விக்குறிகளாகவே பதிவாகும்.

மைஎஸ்கியூஎல்லில் வேறொரு பொறி இருக்கிறது. அதில் ‘யூடிஎஃப்8’ என்ற பெயரில் உள்ளது குறியீட்டுக்கு 3 பைட் வரைதான் கொள்ளும். தமிழும் சிங்களமும் அதில் அடங்கிவிடுவதால் எல்லாம் சரி என்றே தோன்றும். 4 பைட் இமோஜி வந்த அன்று பதிவு நின்றுவிடும். தேவையானது ‘யூடிஎஃப்8எம்பி4’. 8.0 பதிப்பில் இருந்து அதுவே இயல்பு. பழைய தரவுத்தளத்தை அப்படியே கொண்டுவந்தால் பழைய அமைப்பும் கூடவே வரும்.

ஏற்கெனவே பழுதான தரவு இருந்தால் முதலில் திரையைக் கூர்ந்து பாருங்கள். கேள்விக்குறிகள் பதிவாகியிருந்தால் மூல எழுத்து போய்விட்டது. பக்கப்பில் இருந்துதான் மீட்க முடியும். மேலே குறி போட்ட விசித்திரமான லத்தீன் எழுத்துகள் தெரிந்தால் பைட்டுகள் பெரும்பாலும் உள்ளேயே இருக்கின்றன. எழுத்துமுறையைத் திருத்தினால் பெயர் மீளும். அவசரப்பட்டு அழிக்க வேண்டாம்.

இன்னொன்று. கொ-வை இரண்டு விதமாகத் தட்டலாம்: ஒகரக் குறி ஒன்றாக, அல்லது முன்னால் ஒற்றைக் கொம்பும் பின்னால் காலுமாக. திரையில் இரண்டும் ஒன்றுதான். உள்ளே ஒன்று 24 பைட், மற்றது 27. போஸ்ட்கிரெஸின் இயல்பான ஒப்பீட்டில் இவை வெவ்வேறு சொற்கள். ‘கொழும்பு’ என்று தேடினால் பாதி வாடிக்கையாளர்கள் வரமாட்டார்கள். 13ஆம் பதிப்பில் இருந்து உள்ள ‘நோர்மலைஸ்’ செயற்கூற்றால் பதியும்போதே ஒருமைப்படுத்துங்கள். தேட வரும் சொல்லையும் அதே செயற்கூற்றில் கொடுத்தெடுங்கள்.

வரிசையையும் பாருங்கள். குறியீட்டு வரிசையில் ரவை, றம்புட்டான், லட்டு, வெங்காயம் என்று வரும். நம் அகரவரிசையில் றம்புட்டான் கடைசி. போஸ்ட்கிரெஸில் ‘டீஏ-எக்ஸ்-ஐசியூ’ என்ற வரிசைமுறையைக் குறிப்பிட்டால் தமிழ் முறைப்படி அடுக்கித் தரும்.

படி 4: நேரம்

கிளவுட் சேர்வர்கள் பெரும்பாலும் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடும். நாம் ஐந்தரை மணி முன்னால். நள்ளிரவுக்கும் காலை 5.30க்கும் இடையில் அடித்த பில் முதல்நாள் தேதியில் விழும். விடியற்காலையில் மரக்கறி ஏறி இறங்கும் பேலியகொடைச் சந்தை வியாபாரிக்கு நாள் கணக்கு ஒருபோதும் ஒத்துவராது.

போஸ்ட்கிரெஸில் நேர வலயத்தோடு கூடிய வகையை எடுத்து, அமர்வுக்கு (மென்பொருள் தரவுத்தளத்தோடு வைக்கும் இணைப்புக்கு) ‘ஏசியா/கொழும்பு’ என்று வையுங்கள். மைஎஸ்கியூஎல்லில் நேர வலய அட்டவணைகளை முதலில் ஏற்ற வேண்டும். ஏற்றாவிட்டால் வலயத்தின் பெயரைக் கொடுத்து மாற்றும்போது வெற்றுப் பெறுமதிதான் கிடைக்கும். எஸ்கியூஎல் சேர்வரில் வலயத்தின் பெயர் ‘ஸ்ரீலங்கா ஸ்டாண்டர்ட் டைம்’. ஐந்தரையைக் கையால் கூட்டும் குறுக்குவழி வேண்டாம்: 1996 முதல் 2006 ஏப்ரல் வரை நாட்டின் நேரம் வேறாக இருந்தது. பழைய கணக்குகளை ஏற்றும்போது அது இடிக்கும்.

படி 5: பணம்

தசமத்தைத் தோராயமாக வைக்கும் ‘ஃப்ளோட்’ வகை வேண்டாம். அதில் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் 0.30000000000000004 வரும். பன்னிரண்டு இலக்கம், இரண்டு தசமம் கொண்ட ‘நியூமெரிக்’ எடுங்கள். எஸ்கியூலைட்டில் உண்மையான தசம வகை இல்லை. சதமாக மாற்றி முழு எண்ணில் வையுங்கள். 18 சதவீத வற் வரியைப் பொருளுக்குப் பொருள் முழுமைப்படுத்துவதா, பில்லுக்கு ஒருமுறையா என்பதைக் கணக்காளரிடம் கேட்டு ஒன்றையே பின்பற்றுங்கள். 12.75 ரூபா பொருள் பில்லில் பத்துத் தனி வரிசைகளில் வந்தால் முதல் முறையில் வற் 23.00, இரண்டாவதில் 22.95.

படி 6: பிளக்கைக் கழற்றுங்கள்

2025 பெப்ரவரி 9இல் நாடு முழுவதும் ஒரே நேரத்தில் மின்சாரம் போனது நினைவிருக்கும். சோதனைக் கணினியில் பதிவுகள் ஓடிக்கொண்டிருக்கும்போதே மின்சாரத்தை நிறுத்துங்கள். திரும்ப இயக்கி, ‘பதிந்தாயிற்று’ என்று பதில் வந்த கடைசிப் பில் இருக்கிறதா பாருங்கள். இயல்பான அமைப்பில் போஸ்ட்கிரெஸும், இன்னோடிபி என்ற சேமிப்பு முறையில் அமைந்த அட்டவணைகள் கொண்ட மைஎஸ்கியூஎல்லும் தாக்குப்பிடிக்கும். பழைய மைஐசாம் முறை அட்டவணை பழுதாகலாம். வேகத்துக்காக, பதிவு வட்டில் எழுதப்பட்டதை உறுதிசெய்யும் ‘எஃப்சிங்க்’ அமைப்பை நிறுத்தச் சொல்லும் ஆலோசனையைக் கடைக் கணக்கில் ஒருபோதும் ஏற்காதீர்கள்.

பிறகு பக்கப் எடுத்து, அதை வேறொரு கணினியில் மீட்டுப் பாருங்கள். மீட்டுப் பார்க்காத பக்கப்பை நம்பிக் கடை நடத்த முடியாது. மைஎஸ்கியூஎல் டம்ப் (தரவை ஒரு ஃபைலில் எழுதும் பக்கப்) எடுக்கும்போது ‘சிங்கிள் ட்ரான்சாக்‌ஷன்’ தெரிவைச் சேருங்கள். இல்லாவிட்டால் பக்கப் முடியும்வரை கவுண்டரில் பில் பதியாமல் காத்திருக்க நேரும்.

என் தெரிவு

புதிதாகத் தொடங்கும் கடைக்குப் போஸ்ட்கிரெஸ். உரிமக் கட்டணம் இல்லை, தமிழ் வரிசை உள்ளேயே இருக்கிறது, நேர வலயம் ஒழுங்காக வேலை செய்கிறது. ஒவ்வொரு முதன்மைப் பதிப்புக்கும் ஐந்து ஆண்டு ஆதரவு உண்டு. அடுத்த பதிப்புக்கு மாற ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்குங்கள். வேர்ட்பிரஸ் கடைத்தளம் ஏற்கெனவே ஓடுகிறது என்றால் மைஎஸ்கியூஎல் அல்லது அதிலிருந்து பிரிந்த மரியாடிபி. அதற்கு அவைதான் பொருந்தும். கணக்கு மென்பொருள் எஸ்கியூஎல் சேர்வரைக் கேட்டால் அதை எதிர்த்துப் போராட வேண்டாம்.

பிற்சேர்க்கை: எக்செல்லில் இருந்து ஏற்றும்போது

எல்லாம் சரியாக அமைத்தும் பெயர்கள் கேள்விக்குறிகளானால் தவறு எக்செல்லில் இருக்கலாம். ‘சேவ் ஆஸ்’ பட்டியலில் வெறும் ‘சிஎஸ்வி’யைத் தெரிவுசெய்தால் தமிழ் அந்த இடத்திலேயே போய்விடும். அதே பட்டியலில் ‘சிஎஸ்வி யூடிஎஃப்-8’ என்று தனியாக ஒன்று இருக்கும், அதை எடுங்கள். தொலைபேசிப் புலத்தையும், இலக்கங்களைத் தட்டத் தொடங்கும் முன்பே ‘டெக்ஸ்ட்’ வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். தட்டிய பிறகு மாற்றினால் போன சைபர் திரும்பாது.