ஒருவருக்கு ஒரு நாவல்: பரிந்துரைக்கும் முறை

"நல்ல தமிழ் நாவல் ஒண்ணு சொல்லுங்களேன்" என்று யாராவது கேட்டால் பத்துப் பெயர்களை அடுக்காதீர்கள். குறித்துக்கொண்டு போனாலும் எதில் தொடங்குவது என்று தெரியாமல் எதையும் தொடமாட்டார். ஒன்றைச் சொல்லுங்கள், மிஞ்சினால் மாற்றாக இன்னொன்று.

பெயரைச் சொல்லுமுன் மூன்று கேள்விகள். கடைசியாக முழுதாகப் படித்தது எது? பாதியில் வைத்தது எது, ஏறத்தாழ எந்த இடத்தில்? எப்போது படிப்பார்: பேருந்திலா, தூங்குமுன் கால் மணி நேரமா, விடுமுறையிலா? இரண்டாவது கேள்விக்கான பதிலைத்தான் கவனமாகக் கேட்க வேண்டும். பிடித்த புத்தகம் எது என்றால் பலரும் மதிப்பான பெயரைச் சொல்வார்கள். கைவிட்டதைப் பற்றி மறைக்க மாட்டார்கள். முதல் இருபது பக்கங்களிலேயே விட்டிருந்தால் பெரும்பாலும் மொழிநடை தடுத்திருக்கும். நடுவில் விட்டிருந்தால் நீளம், அல்லது பாத்திரங்களின் கூட்டம்.

பல வருடங்களாகத் தமிழில் எதுவும் படிக்காதவருக்குச் சின்னப் புத்தகமாகவே கொடுங்கள். சி.சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்' மெலிந்த புத்தகம். ஒரே ஜல்லிக்கட்டில் தொடங்கி அங்கேயே முடிகிறது. ஆனால் பேச்சு முழுக்க வட்டார வழக்கு. அது பழகாதவருக்கு அசோகமித்திரனின் 'தண்ணீர்' எளிது: சிறிய வாக்கியங்கள், சென்னையின் தண்ணீர்ப் பஞ்சம், ஜமுனா, சாயா என்று இரண்டு சகோதரிகள்.

படம் பார்த்துவிட்டு வருகிறவர்களிடம் கூடுதலாக ஒரு வார்த்தை சொல்லிக் கொடுக்க வேண்டும். 'அசுரன்' (2019) பிடித்தவருக்குப் பூமணியின் 'வெக்கை' (1982) சரியான புத்தகம்தான். ஆனால் படத்தில் அப்பா நாயகன். நாவலில் பதினைந்து வயது சிதம்பரத்தோடுதான் நாம் நடக்கிறோம். சண்டையை எதிர்பார்த்துத் திறந்தால், அப்பனும் மகனும் காட்டில் ஒளிந்து திரியும் பக்கங்கள் இழுவையாகத் தெரியும். அந்தப் பக்கங்களில்தான் நாவலின் உயிரே இருக்கிறது. அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வரிசையும் பதிப்பும் அடிக்கடி சறுக்கும் இடங்கள். கி. ராஜநாராயணனுக்கு 1991இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலுக்கு. விருதைப் பார்த்து அதையே முதலில் வாங்கிவிடுகிறார்கள். அதற்கு முந்தையது 'கோபல்ல கிராமம்' (1976). அங்கிருந்து வந்தால்தான் ஊரும் மனிதர்களும் பிடிபடுவார்கள்.

'பொன்னியின் செல்வன்' வேறு மாதிரிச் சிக்கல். கல்கியின் எழுத்துகள் 1999இல் நாட்டுடைமை ஆக்கப்பட்டதால் பல பதிப்பகங்கள் அதை வெளியிடுகின்றன. சுருக்கப்பட்ட பதிப்புகளும் கடையில் உண்டு. புது வெள்ளம், சுழற்காற்று, கொலை வாள், மணிமகுடம், தியாகச் சிகரம் என ஐந்து பாகங்களும் இருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். பிறகு முதல் பாகத்தை மட்டும் வாங்கச் சொல்லுங்கள். ஐந்தையும் ஒன்றாக அலமாரியில் பார்த்தே மலைத்துப்போகிறவர்கள் நிறைய. இது 1950 முதல் 1954 வரை வாரத் தொடராக வந்த கதை. அத்தியாயம் ஒவ்வொன்றும் அடுத்ததற்கு இழுக்கும்படி முடியும். தூங்குமுன் கால் மணி நேரம் படிப்பவருக்கு இதைவிடப் பொருத்தமான பெரிய நாவல் அரிது.

சொல்லும்போது ஐந்து விஷயம் போதும்: எந்த ஊர், எந்தக் காலம், யாருடைய கதை, நடை எப்படி, இவருக்கு ஏன். உதாரணமாக, அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு' பற்றி: "நிஜாம் ஆட்சி முடிகிற சமயத்து செகந்திராபாத். சந்திரசேகரன் என்று ஒரு கல்லூரிப் பையன், கிரிக்கெட் ஆடுவான். குரலை உயர்த்தாத நடை. நீங்க ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தேன்னு சொன்னீங்களே, அதான் ஞாபகம் வந்தது." கடைசி விஷயத்தை விட்டுவிட்டால் மற்ற நான்கும் பின்னட்டை வாசகம்தான். முடிவைச் சொல்லக் கூடாது. "கண்டிப்பா படிக்கணும்" என்பதும் வேண்டாம். அது படிப்பைக் கடனாக்கிவிடும்.

இரண்டு வாரம் கழித்துக் கேளுங்கள். "படிச்சாச்சா?" என்றால் கூச்சத்தில் பேச்சு முடிந்துவிடும். "எந்த இடத்துல இருக்கீங்க?" என்றால் பதில் வரும். ஐம்பது பக்கம் தாண்டியும் ஒட்டவில்லை என்றால் வற்புறுத்தாமல் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். எந்தப் பக்கத்தில் நின்றது என்று மட்டும் கேட்டுவையுங்கள். அடுத்த புத்தகத்தை அதை வைத்துத்தான் தேர்ந்தெடுக்கப்போகிறீர்கள்.