‘ஒப்லிவியன்’ பார்ப்பது எப்படி: கைக்கடிகாரம் படமெடுப்பவனின் யோசனைகள்

என் தொழில் பொருள்களைப் படமெடுப்பது, பெரும்பாலும் கைக்கடிகாரங்கள். வளைந்த கண்ணாடியும் பளபளக்கும் எஃகும் சேர்ந்த ஒரு பொருளுக்கு முன்னால் கேமராவை வைத்தவர்களுக்குத் தெரியும், கடிகாரத்துக்கு முன்பே கண்ணில் படுவது அறைதான். விளக்கு, முக்காலி, திறந்து கிடக்கும் கதவு, என் சட்டையின் நிறம் எல்லாம் அந்தச் சின்ன வட்டத்துக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதனால் வேலை நேரத்தில் கறுப்புச் சட்டை தவிர வேறெதுவும் போடுவதில்லை. ‘ஒப்லிவியன்’ படத்தை இதுவரை பதினோரு முறை பார்த்திருக்கிறேன் என்றால் அதற்கு இந்தத் தொழில் கோளாறே காரணம். அத்தனை முறை பார்த்தும் கதை முழுதாகப் பிடித்துவிட்டது என்று சொல்லமாட்டேன்.

2013 ஏப்ரலில் திரைக்கு வந்த படம். ஜோசப் கொசின்ஸ்கி இயக்கியது. நாயகன் டாம் குரூஸ். கதை நடப்பது 2077இல். வேற்றுக்கிரகத்தாருடன் நடந்த போரில் நிலா உடைந்துவிட்டது, பூமி பாழாகிவிட்டது, மிஞ்சிய மனிதர்கள் சனிக்கோளின் நிலவான டைட்டனுக்குக் குடிபெயர்கிறார்கள் என்று நமக்குச் சொல்லப்படுகிறது. கடல்நீரை உறிஞ்சும் ராட்சத இயந்திரங்கள் இருக்கின்றன, அவற்றைக் காவல் காக்க ட்ரோன்கள் இருக்கின்றன. ட்ரோன்களைப் பழுதுபார்க்கும் ஜாக் ஹார்ப்பரும், அவரை வழிநடத்தும் விக்டோரியாவும் மேகத்துக்கு மேலே ஒரு கோபுர வீட்டில் தனியாக வசிக்கிறார்கள். படம் பார்த்தவர்களிடம் பேசினால் ‘அழகாகத்தான் இருந்தது, ஆனால்...’ என்று இழுப்பார்கள். அந்த ‘ஆனால்’ எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதை நீங்களே பிடிக்கும்படி படத்தைப் பார்க்க ஒரு வழி வைத்திருக்கிறேன்.

முதல் வேலை ரிமோட்டில். நான் முதன்முறை பார்த்தபோது டிவியைப் பெட்டியிலிருந்து எடுத்தபடியே விட்டிருந்தேன். நிறங்களை வாரி இறைக்கும் ‘விவிட்’ அமைப்பு. மேகமெல்லாம் சலவைத் தூள் விளம்பரம்போல நீலம் பாரித்துக் கிடந்தது. அசைவை வழவழப்பாக்கும் வசதி வேறு ஓடிக்கொண்டிருந்ததால் டாம் குரூஸ் ஓடுவது கால்பந்து நேரலைபோல் இருந்தது. ‘இதையா அழகு என்றார்கள்’ என்று பாதியில் அணைத்துவிட்டேன். ஆகவே ‘சினிமா’ அல்லது ‘ஃபிலிம்மேக்கர்’ அமைப்புக்கு மாற்றுங்கள், வழவழப்பை நிறுத்துங்கள், கூர்மையைக் குறையுங்கள். இந்தப் படம் உயிரோடு இருப்பதே வெள்ளைக்கும் வெள்ளைக்கும் இடையிலான வித்தியாசத்தில்தான். மேகம் ஒரு வெள்ளை, தரை ஒரு வெள்ளை, விக்டோரியாவின் உடை இன்னொரு வெள்ளை. கோபுரக் காட்சி ஒன்றில் படத்தை நிறுத்தி, அந்த உடையின் மடிப்புகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். தெரிந்தால் டிவி சரியாக இருக்கிறது. உடை ஒரே வெள்ளைத் திட்டாகத் தெரிந்தால் வெளிச்சத்தை இன்னும் குறைக்க வேண்டும். உங்கள் முதுகுக்குப் பின்னால் எரியும் விளக்கையும் அணைத்துவிடுங்கள். கண்ணாடி வீட்டைப் பார்க்கும்போது திரையிலேயே உங்கள் அறை தெரிந்தால் எரிச்சலாக இருக்கும். கைபேசியில் பார்க்கவே வேண்டாம்.

அடுத்தது, முதல் அரை மணி நேரத்தை இரண்டு முறை பார்ப்பது. முதல் முறை வழக்கம்போல. இரண்டாம் முறை ஒலியில்லாமல். தொடக்கத்தில் ஜாக்கின் குரல் போர், நிலா, டைட்டன் என்று எல்லாவற்றையும் ஒப்பித்துவிடும். அதை ஒருமுறை கேட்டால் போதும். ஒலியை அடைத்ததும் வீடு பேசத் தொடங்குகிறது.

அந்த வீட்டைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். சுவர் கண்ணாடி, மேசை கண்ணாடி, நீச்சல் குளத்தின் அடிப்பாகமும் கண்ணாடி. தரை முகம் பார்க்கும் அளவுக்கு மினுங்கும். இதை அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், பேட்டன் ரூஜ் நகரில் ஒரு ஸ்டுடியோவுக்குள் கட்டினார்கள். இப்படிப்பட்ட அரங்கைச் சுற்றி நீலத்திரை கட்டிவிட்டு, பிற்பாடு கணினியில் வானத்தை ஒட்டுவதுதான் அப்போதைய வழக்கம். என் கைக்கடிகாரத்தை நீலத்திரைக்கு முன்னால் வைத்தால் என்ன ஆகும்? கடிகாரமே நீலமாகிவிடும். வளைவு, விளிம்பு, முள் எல்லாவற்றிலும் நீலம் ஏறும். அதைத் துடைத்து எடுத்தால் பளபளப்பும் சேர்ந்து போய்விடும். இந்த வீட்டுக்கும் அதே கதிதான் நேர்ந்திருக்கும்.

அதனால் அவர்கள் வானத்தையே உள்ளே கொண்டுவந்தார்கள். ஹவாயின் மாவி தீவில் ஹலியாகலா எரிமலை உச்சி கடல் மட்டத்திலிருந்து 3,000 மீட்டருக்கு மேலே இருக்கிறது. அங்கே நின்றால் மேகம் காலுக்குக் கீழே போகும். அங்கே கேமராக்களை வைத்து விடியல், பகல், அந்தி என்று மேகங்களைப் பதிவு செய்தார்கள். ஸ்டுடியோவில் அரங்கைச் சுற்றி 500 அடி நீளமும் 42 அடி உயரமும் கொண்ட வெள்ளைத் திரையைக் கட்டினார்கள். 21 புரொஜெக்டர்களின் படங்களை ஒன்றோடொன்று பொருத்தி அதன்மேல் அந்த வானத்தை ஓடவிட்டார்கள். வீட்டுக்குள் விழும் வெளிச்சத்தில் பெரும்பகுதி அந்தத் திரையிலிருந்தே வந்தது. ஒளிப்பதிவாளர் கிளாடியோ மிராண்டா. இந்தப் படம் வெளியான அதே ஆண்டின் தொடக்கத்தில்தான் ‘லைஃப் ஆஃப் பை’ படத்துக்காக ஆஸ்கர் வாங்கியிருந்தார்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு ஒலியில்லாமல் பார்க்கும்போது மூன்று இடங்களில் நிறுத்துங்கள். விக்டோரியாவின் முகம் திரையை நிறைக்கும்போது கண்ணுக்குள் பாருங்கள். நீளமான, வளைந்த ஒரு வெளிச்சக் கீற்று இருக்கும். அது விளக்கல்ல, ஜன்னலும் வானமும். பிறகு அவர் உட்காரும் மேசையின் விளிம்பு. பிறகு சூரியன் சாயும் நேரத்துக் காட்சி ஏதாவது ஒன்றில் தரை. வானத்தின் நிறம் கன்னத்திலும் தரையிலும் ஒன்றுபோல ஏறியிருப்பதைக் காண்பீர்கள். இதை ஒட்டிச் செய்ய முடியாது என்று நான் சொல்லமாட்டேன். ஒட்டினால் என் கண்ணுக்குத் தெரிந்துவிடும் என்று மட்டும் சொல்வேன். இன்று எல்.இ.டி. சுவர்களை வைத்து இதே காரியத்தைப் பலரும் செய்கிறார்கள். அன்று புரொஜெக்டர்களை அடுக்கித்தான் செய்ய வேண்டியிருந்தது.

வெளிப்புறக் காட்சிகளுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டாம். பெரும்பகுதி ஐஸ்லாந்து, கோடையில் அங்கே இருட்டுவதே அரிது. உலகம் அழிந்த கதை என்றால் மழை, இருட்டு, புகை என்று பழகிப்போன கண்ணுக்கு, பட்டப்பகலில் சாம்பல் நிற மணலும் அதில் புதைந்த கட்டடங்களும் வித்தியாசமாகத் தெரியும். ஜாக் ஓட்டும் வெள்ளை ஊர்தியை முழு அளவில் நிஜமாகவே செய்தார்கள். வடிவமைத்தவர் டேனியல் சைமன். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் தொங்கவிடப்பட்டிருக்கும் பெல் 47 ஹெலிகாப்டர்தான் அதற்குத் தூண்டுதல். அந்தக் கண்ணாடிக் குமிழி முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டால் ஒற்றுமை சட்டென்று பிடிபடும்.

படத்தை இன்னும் பார்க்காதவர்கள் இங்கே நிறுத்திக்கொள்ளுங்கள். 124 நிமிடம்தான், பார்த்துவிட்டு வாருங்கள். இனிமேல் முடிச்சை அவிழ்க்காமல் பேச முடியாது.

ஜாக் ஒரு நாள் கீழே போனவர் தகரக் குவளையில் ஒரு சிறு செடியைக் கொண்டுவந்து விக்டோரியாவிடம் நீட்டுவார். அவள் அதை வாங்கிய கையோடு கோபுர விளிம்பிலிருந்து கீழே போட்டுவிடுவாள். முதல் முறை பார்க்கும்போது ‘கிருமி பயம்’ என்று நினைத்தேன். கதை தெரிந்த பிறகு அந்தக் கையைப் பாருங்கள். அந்த வீட்டில் மண் இருக்கக் கூடாது. ஜாக்கும் விக்டோரியாவும் நகல்கள். அவர்களைச் செய்ததும், அந்த வேலையைக் கொடுத்ததும் பூமியை அழித்த அதே எதிரி. வீட்டின் சுத்தம் அந்த எதிரியின் சுத்தம். உடையிலுள்ள 49 என்ற எண் முதலில் பணி எண்ணாகத் தெரியும். 52 என்ற எண்ணோடு இன்னொரு ஜாக் வந்து நிற்கும்போது அது சரக்கு எண்ணாகிவிடும். என் கடிகாரங்களுக்குப் பின்னால் பொறித்திருக்கும் எண்களை அதன் பிறகு நான் முன்போல் பார்த்ததில்லை.

இப்போது, ஜாக் கீழே ரகசியமாக வைத்திருக்கும் ஏரிக்கரை மரவீட்டுக் காட்சிகளை எடுத்துக் கோபுரக் காட்சிகளோடு அடுத்தடுத்து ஓடவிடுங்கள். இசைத்தட்டுகள், புத்தகங்கள், சமமில்லாத பலகைகள், பச்சை, பழுப்பு. கோபுரத்தில் நேர்கோடும் வளைவும் தவிர வேறெதுவும் இல்லை. மரவீட்டில் நேர்கோடு என்று ஒன்றைக் காட்டுவதே கஷ்டம். கொசின்ஸ்கி கட்டடக்கலை படித்தவர். வசனம் எழுதுவதைவிட வீடு கட்டி விஷயத்தைச் சொல்வது அவருக்கு நன்றாக வருகிறது என்பது என் எண்ணம். ‘வெளியே அழகு, உள்ளே வெறுமை’ என்று குறை சொன்னவர்கள் அந்தக் கோபுரத்தைச் சரியாகத்தான் வர்ணித்திருக்கிறார்கள்.

அதற்காகப் படத்தின் எல்லாக் குறைகளையும் இந்த ஒரு பதிலில் மூடி மறைக்க முடியாது. மோர்கன் ஃப்ரீமன் வந்ததும் படம் வாயால் விளக்கத் தொடங்குகிறது. அதுவரை தரையும் மேசையும் சொன்னதை இப்போது ஆட்கள் நின்று சொல்கிறார்கள். ஓல்கா குரிலென்கோ நடித்த, ஜாக்கின் மனைவி ஜூலியாவுக்கு, ஜாக்கின் நினைவில் வந்து சிரிப்பதைத் தாண்டி அதிகம் கொடுக்கவில்லை. விக்டோரியாவாக வரும் ஆண்ட்ரியா ரைஸ்பரோதான் என்னைப் பொறுத்தவரை படத்தின் உயிர். ‘நீங்கள் திறமையான இணைதானா?’ என்று திரையில் தினமும் கேட்கும் மேலதிகாரிக்கு அவள் சொல்லும் பதிலில் ஒரு முழு வாழ்க்கையின் பயம் இருக்கிறது. கதை அவளை விட்டு நகர்ந்ததும் எனக்கு ‘ஆனால்’ தொடங்கிவிடுகிறது. உங்களுக்கு வேறு இடத்தில் தொடங்கலாம். அந்த நிமிடத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பார்வையாளர்கள் சொன்னதை அளக்க அதுதான் உங்கள் அளவுகோல்.

எண்களை அதற்குப் பிறகு பார்க்கலாம். ஏறத்தாழ 12 கோடி டாலர் செலவில் எடுத்த படம், உலகம் முழுவதும் சுமார் 28.6 கோடி டாலர் வசூலித்தது. அமெரிக்காவில் 9 கோடிக்குச் சற்றுக் குறைவு. விமர்சகர்கள் ஏறக்குறையப் பாதிக்குப் பாதி பிரிந்தார்கள். அமெரிக்காவில் முதல் நாள் அரங்கைவிட்டு வெளியே வந்தவர்களிடம் சினிமாஸ்கோர் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் எடுத்த மதிப்பெண் பி மைனஸ். ஆசைப்பட்டு முதல் நாளே வருபவர்கள் தாராளமாகக் கொடுக்கும் இடம் அது. அங்கே பி மைனஸ் என்பது முகம் சுளித்ததற்குச் சமம். ஆனால் அந்த எழுத்து எதைப் பார்த்துச் சுளித்தார்கள் என்று சொல்லாது.

அடிக்கடி காதில் விழும் புகார், ‘எல்லாம் ஏற்கெனவே பார்த்தது’ என்பது. இதை மறுக்க மெனக்கெடாதீர்கள். கொசின்ஸ்கியே இது எழுபதுகளின் அறிவியல் புனைவுப் படங்களுக்குத் தான் செலுத்தும் மரியாதை என்று சொன்னவர். ஒரு தாளை இரண்டாக மடித்து, இடப்பக்கம் எங்கிருந்து வந்தது என்றும், வலப்பக்கம் இங்கே அது என்ன செய்கிறது என்றும் எழுதிப் பாருங்கள். ட்ரோனின் சிவப்புக் கண்ணுக்கு நேரே ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’ என்று எழுதினேன், வலப்பக்கம் காலியாகவே இருக்கிறது. தன் நகலைத் தானே சந்திக்கும் தொழிலாளிக்கு நேரே 2009இல் வந்த ‘மூன்’ என்று எழுதினேன். வலப்பக்கம் நான்கு வரி நிரம்பியது. இங்கே அந்த நகலுக்கு மனைவியின் நினைவு மிச்சமிருக்கிறது, வீட்டில் இன்னொருத்தியும் இருக்கிறாள். கடன் வாங்கியது குற்றமா என்று வாதாடுவதைவிட இந்தத் தாள் அதிகம் சொல்லும்.

மற்றவர்களுக்குப் போட்டுக் காட்டும்போது ஒரு எச்சரிக்கை. என் மனைவியின் தம்பிக்குப் படம் தொடங்குமுன்பே 21 புரொஜெக்டர் கதையைச் சொல்லித் தொலைத்தேன். அவன் படம் முழுக்கத் திரையின் ஓரத்தைத் தேடிக்கொண்டிருந்தான். “அத்தான், அந்தப் பெண் ஏன் செத்தாள்?” என்று கடைசியில் கேட்டான். விக்டோரியா இறப்பதை அவன் பார்த்துக்கொண்டேதான் இருந்தான்; மேகத்தில் ஒட்டு தெரிகிறதா என்ற கவலையில் காரணத்தை விட்டுவிட்டான். தொழில் ரகசியங்களை எல்லாம் இரண்டாம் முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

படம் முடிந்ததும் டிவியை அணைக்காதீர்கள். பெயர்கள் ஓடும்போது எம்83 இசைக்குழுவின் பாட்டு ஒன்று வரும், சுசான் சுண்ட்ஃபோர் பாடியது. அது முடிவதற்குள் தாளில் மூன்று வரி எழுதிவிடுங்கள்: கண்ணில் நின்ற ஒரு காட்சி, அலுப்புத் தட்டிய நிமிடம், யாருக்காக வருத்தப்பட்டீர்கள். அதன் பிறகு அடுத்தவர்கள் என்ன சொன்னார்கள் என்று தேடுங்கள். என் மைத்துனன் இரண்டாம் முறை பார்த்தபோது மூன்றாவது வரியில் விக்டோரியாவின் பெயரை எழுதி, பக்கத்தில் அந்தத் தகரக் குவளையை வரைந்து வைத்திருந்தான்.