கொடுப்பதில் மனநிறைவு காண

களியக்காவிளை, பாறசாலை என்னும் தமிழக-கேரள எல்லைப் பகுதியில் ரப்பர் பால் வெட்டி நாட்கூலியில் வாழும் குடும்பமும் கொடுக்கும் மகிழ்ச்சியை அறியலாம். மக்கெதோனியாவின் கிறிஸ்தவ சபையார் கொடிய தரித்திரத்திலும் தாராளமாய்க் கொடுத்தார்கள் என்று வேதாகமத்தின் 2 கொரிந்தியர் 8-ஆம் அதிகாரத்தில் அப்போஸ்தலன் பவுல் எழுதியிருப்பதால், கையில் மிஞ்சட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை.

பிடியரிசியில் தொடங்குங்கள். உலையில் இடும் முன், அன்றைய சமையலுக்கு அளந்தெடுத்த அரிசியிலிருந்தே ஒரு கைப்பிடியைச் சிறு ஜெபத்துடன் தனிப் பானையில் போடுங்கள். மீந்த சோற்றைக் கொடுப்பதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. இங்கே குறைவது உங்கள் பங்கு. பிள்ளைகளின் கையால் போடச் செய்வது இன்னும் நல்லது.

பானை நிறைந்ததும் ஆலயத்தில் படைக்கலாம். அல்லது அடைமழையில் பால்வெட்டு நின்று அடுப்பெரியாத வீட்டுக்கு, எந்தச் சபை, எந்த மதம், தமிழா மலையாளமா என்று பாராமல், இருட்டிய பின் கொண்டுபோய்க் கொடுக்கலாம். வலதுகை செய்வதை இடதுகை அறியாதிருக்கட்டும் என்ற இயேசுவின் கட்டளை (மத்தேயு 6:3), பெறுகிறவரின் மானத்தையும் காக்கிறது என்று நான் உறுதியாய் நம்புகிறேன்.

கடன் வாங்கிக் காணிக்கை போட வேண்டாம். மனம் கசந்தால் அளவைக் குறையுங்கள். "விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல" என்றே 2 கொரிந்தியர் 9:7 சொல்லுகிறது.